ழெவோதான் மிருகத்தைத் தேடி: எந்த வாம்பயர் அனிமேயை முதலில் பார்ப்பது?

பனி மூடிய காடு, பாழடைந்த கோட்டை, ஊரையே நடுங்கவைக்கும் ஒரு மிருகம், அதைத் தேடி ஆயுதத்தோடு போகிறவர்கள். இந்த வகை அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) வேண்டும் என்று கேட்டால் நான்கைந்து பெயர்கள் கட்டாயம் காதில் விழும்: வனிதாஸ் நோ கார்ட்டே, காஸில்வேனியா, வாம்பயர் ஹண்டர் டி: ப்ளட்லஸ்ட், ஹெல்சிங் அல்டிமேட், ஷிகி. எல்லாவற்றிலும் வாம்பயர் உண்டு, எல்லாவற்றிலும் இருட்டு உண்டு. ஆனாலும் ஒன்றைத் தேடிப் போனவருக்கு இன்னொன்றைக் கொடுத்தால் மூன்றாவது எபிசோடிலேயே மூடி வைத்துவிடுவார்.

தேர்வு செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும். மிருகம் அகப்பட்ட பிறகு அதை என்ன செய்ய வேண்டும் என்று மனம் விரும்புகிறது? வெட்டிச் சாய்க்க வேண்டும் என்றால் ஒரு வழி. அது ஏன் மிருகமாயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் வேறு வழி. இந்த ஐந்தில் மிருகத்தை நோயாளியாகப் பார்க்கும் தொடர் ஒன்றுதான் இருக்கிறது. தலைப்பில் உள்ள ழெவோதான் மிருகம் வருவதும் அதில்தான். அதிலிருந்தே தொடங்கலாம்.

வனிதாஸ் நோ கார்ட்டே ஜுன் மொச்சிஸுகி வரையும் மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ். 2015 டிசம்பரில் கங்கன் ஜோக்கர் இதழில் தொடங்கியது. போன்ஸ் ஸ்டுடியோ அதை 24 எபிசோடுகளாக எடுத்தது. முதல் 12 எபிசோடுகள் 2021 ஜூலை முதல் செப்டம்பர் வரையும், அடுத்த 12 எபிசோடுகள் 2022 ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையும் வந்தன. இயக்கம் தொமொயுகி இதமுரா, இசை யுகி கஜியுரா. கதை நடப்பது 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில். நமக்குத் தெரிந்த பாரிஸ் அல்ல. வானில் கப்பல் பறக்கும், இயந்திரங்களில் மாயம் கலந்திருக்கும், நகரத்துக்கு நிழல் போல வாம்பயர்களுக்கென்று இன்னொரு பாரிஸும் இருக்கும்.

தலைப்பையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானிய மொழியில் அது 'கைப்பட எழுதிய குறிப்பு' என்ற பொருள் தரும் எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதை 'கார்ட்டே' என்று படிக்கச் சொல்லி மேலே உச்சரிப்பு போட்டிருக்கிறார்கள். கார்ட்டே என்பது ஜெர்மன் மொழியிலிருந்து ஜப்பானிய மருத்துவமனைகளுக்குள் நுழைந்த சொல். நோயாளியைப் பற்றி டாக்டர் எழுதிவைக்கும் கேஸ் ஷீட்டுக்கு அங்கே அதுதான் பெயர். அப்படியானால் நாம் பார்ப்பது ஒரு வைத்தியரின் கேஸ் ஷீட். கதாநாயகன் வனிதாஸ் ஒரு மனிதன், ஆனாலும் தன்னை வாம்பயர்களின் வைத்தியன் என்று சொல்லிக்கொள்கிறான். அவன் கையில் இருப்பது நீலத் தோல் அட்டையும் கறுப்புப் பக்கங்களும் வெள்ளிச் சங்கிலியும் கொண்ட ஒரு புத்தகம்.

இந்த வைத்தியம் நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதித் தொடர் புரிந்த மாதிரி. ஒவ்வொரு வாம்பயருக்கும் ஓர் 'உண்மைப் பெயர்' உண்டு. அந்தப் பெயர்தான் அவர்களுடைய உயிரின் வடிவம். யாரோ அதைத் திரித்துவிட்டால் அந்த வாம்பயர் தன் கட்டுப்பாட்டை இழந்து, ரத்த வெறி பிடித்து, மனிதர்களைத் தாக்கத் தொடங்குகிறார். இவர்களைத் தொடர் 'சாபம் சுமப்பவர்' என்று அழைக்கிறது. வனிதாஸ் அவர்களை நெருங்கி, திரிந்த பெயரைப் புத்தகத்தின் வழியே படித்து, பழைய பெயரை மீட்டுத் தருகிறான். நெருங்குவதுதான் ஆபத்து. வெறியில் இருப்பவரைத் தடுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த வேலையைச் செய்கிறவன் நோஎ. இவன் வாம்பயர், யாருடைய ரத்தத்தைக் குடிக்கிறானோ அவர்களுடைய நினைவுகளைப் பார்க்கக்கூடியவன். வைத்தியனிடம் மருந்து இருக்கிறது, துணையாளிடம் நோயின் வரலாற்றைப் படிக்கும் திறமை இருக்கிறது. தொடரின் எல்லா முக்கியமான திருப்பங்களும் இந்த இரண்டு திறமைகளும் மோதும் இடத்தில்தான் வருகின்றன.

ழெவோதான் மிருகம் வருவது 13ஆம் எபிசோடில். 19 வரை, அதாவது ஏழு எபிசோடுகள், அந்த வேட்டைதான். சிறுபத்திரிகைகளில் ழான் பால் சார்த்தர், ழாக் தெரிதா என்றெல்லாம் எழுதும் அதே ழகரத்தை இங்கேயும் போட்டால்தான் பிரெஞ்சு உச்சரிப்புக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரும். சப்டைட்டிலில் ஆங்கில எழுத்தில் பார்க்கும்போது ஜெவாடன் என்று படித்துவிடாதீர்கள்.

இந்த மிருகம் கற்பனை அல்ல என்பது தெரிந்தால் பார்க்கும் விதமே மாறும். தென் பிரான்ஸில் ழெவோதான் என்று அப்போது அழைக்கப்பட்ட மலைப் பகுதியில், இன்றைய லோஸேர், ஓத்-லுவார் மாவட்டங்களில், 1764 முதல் 1767 வரை நடந்த உண்மைச் சம்பவம். பதிவில் உள்ள முதல் பலி ழான் பூலே என்ற 14 வயதுப் பெண், 1764 ஜூன் 30 அன்று. அதன் பிறகு மூன்று வருடங்களில் ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மாடு மேய்க்கப் போன சிறுவர் சிறுமியரும் பெண்களும்தான். குதிரைப்படைத் தலைவர் துஹாமெல் முதலில் முயன்றார், தோற்றார். நார்மண்டியிலிருந்து ஓநாய் வேட்டையில் பேர்போன தென்வால் என்ற அப்பாவும் மகனும் வந்தார்கள், அவர்களும் தோற்றார்கள். பிறகு மன்னர் 15ஆம் லூயி தன் துப்பாக்கி அதிகாரி பிரான்சுவா அந்துவானையே அனுப்பினார். 1765 செப்டம்பரில் அவர் ஒரு பெரிய ஓநாயைச் சுட்டு, வேலை முடிந்தது என்று அரண்மனைக்கு எடுத்துப் போனார். டிசம்பரில் மறுபடி ஆட்கள் செத்து விழத் தொடங்கினார்கள். கடைசியில் 1767 ஜூன் 19 அன்று, மார்க்கி தப்ஷியே என்ற பிரபு ஏற்பாடு செய்த வேட்டையில், ழான் ஷாஸ்தெல் என்ற உள்ளூர்க்காரர்தான் மிருகத்தைச் சுட்டுக் கொன்றார்.

படைகள் தோற்றதற்குக் காரணம் மிருகத்தின் மாயசக்தி அல்ல. அந்த மண் அப்படி. மார்ஜெரீத் மலைத்தொடர் முழுக்கச் சதுப்பு, மூடுபனி, அடர்ந்த காடு, நீளமான குளிர்காலம். குதிரைப்படை எழுப்பும் சத்தம் வெகுதூரம் போகும். தாக்குதல் நடந்து தகவல் வந்து ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் மிருகம் மலை தாண்டிவிடும். அந்த நிலத்தை அறிந்த ஒருவரால்தான் கடைசியில் முடிந்தது.

இப்போது தொடருக்கு வாருங்கள். தொடரில் வரும் வாம்பயர் பெண்ணின் பெயர் க்ளோயி தப்ஷியே. அவளுடன் இருப்பவன் பெயர் ழான்-ழாக் ஷாஸ்தெல். வேட்டைக்கு ஏற்பாடு செய்தவரின் குடும்பப் பெயரையும், சுட்டுக் கொன்றவரின் குடும்பப் பெயரையும் எடுத்து, மிருகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார் மொச்சிஸுகி. கொன்றவனின் பெயரைச் சுமப்பவன் இங்கே யாரைக் காக்க நிற்கிறான் என்பதைக் கவனித்துக்கொண்டே பாருங்கள். வரலாறு தெரியாமல் பார்த்தாலும் கதை நன்றாகத்தான் இருக்கும். தெரிந்து பார்த்தால், 14ஆம் எபிசோடில் கோட்டைக்குள் அந்தப் பெயர்கள் ஒலிக்கும்போதே வயிற்றில் ஏதோ செய்யும்.

வேட்டையின் அமைப்பும் அசாதாரணமானது. ஒரே காட்டுக்குள் மூன்று தரப்பு நுழைகிறது. திருச்சபையின் வேட்டைக்காரர்களுக்கு வாம்பயர் என்றாலே அழிக்க வேண்டியது. அவர்களில் முன்னே நிற்கும் அஸ்தோல்ஃபோ ஈட்டியோடு வரும் இளைஞன், முகத்தில் பால் மணம் மாறவில்லை, வெறுப்போ முதிர்ந்துவிட்டது. இரண்டாவது தரப்பு ழான். இவள் வாம்பயர்களின் தரப்பிலேயே தண்டனை நிறைவேற்றுபவள், சிவப்பு இரும்புக் கையுறைதான் ஆயுதம். சாபம் பிடித்தவர்களைக் கொல்வது அவள் கடமை, ஆனால் இங்கே கொல்ல வேண்டியவளோடு அவளுக்குப் பழைய உறவு இருக்கிறது. மூன்றாவதாக வைத்தியனும் நோஎயும். மூன்று பேரும் ஒரே மிருகத்தைத் தேடுகிறார்கள், ஆளுக்கொரு முடிவை மனதில் வைத்துக்கொண்டு. அதனால் சண்டைக்காட்சியில் யார் ஜெயிக்கிறார் என்பதைவிட யார் முதலில் போய்ச் சேர்கிறார் என்பதே பதைபதைப்பைத் தருகிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நான்காம் எபிசோடிலிருந்து ஏழு வரை பெயர்களும் பதவிகளும் மழை மாதிரி கொட்டும். தொடரைப் பாதியில் விடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். நான்கு சொற்களை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டால் தாண்டிவிடலாம். ஷாஸர் என்றால் திருச்சபையின் வேட்டைக்காரர். பூரோ என்றால் வாம்பயர் தரப்பின் கொலைத்தண்டனைக்காரர். ஆர்க்கிவீஸ்ட் என்றால் ரத்தத்தின் வழியே நினைவைப் படிப்பவர், நோஎ அந்த வகை. ஷார்லத்தான் என்றால் பெயர்களைத் திரிக்கும் மர்மக் கூட்டம். மற்ற பதவிப் பெயர்களைக் காதில் வாங்கிக்கொண்டு கடந்து போங்கள், தேவைப்படும்போது கதையே நினைவூட்டும்.

இன்னொன்று, நகைச்சுவை. மிகக் கனமான காட்சிக்கு நடுவே பாத்திரங்கள் திடீரென்று பொம்மை உருவத்துக்கு மாறிக் கூத்தடிப்பார்கள். கோதிக் (பாழடைந்த கோட்டையும் இருட்டும் திகிலும் கலந்த கதை வகை) என்றால் கடைசிவரை முகம் இறுகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும். ரத்தம் குடிக்கும் காட்சிகள் காமம் கலந்தே காட்டப்படுகின்றன. குழந்தைகளை வைத்து நடந்த சோதனைகளும் கதையில் வருகின்றன. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறையில் போட்டுவிடாதீர்கள்.

மிருக வேட்டை மட்டும்தான் வேண்டும், நேரடியாக 13இல் தொடங்கலாமா? தொடங்கினால் கதை புரியும், வலி புரியாது. முதல் 12 எபிசோடில் நடக்கும் மூன்று விஷயங்கள்தான் ழெவோதானுக்கு உயிர். முதலாவது, வைத்தியம் சில சமயம் பலிக்காமலும் போகும் என்பதை நோஎ தன் சிறுவயது இழப்பின் வழியே அறிந்திருப்பது. இரண்டாவது, பாரிஸின் நிலத்தடிக் கல்லறைச் சுரங்கங்களில் ரோலான் என்ற வேட்டைக்காரனை அவர்கள் சந்திப்பது. திருச்சபை ஆட்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல என்று அங்கே தெரிந்துகொண்டால்தான் அஸ்தோல்ஃபோவின் வெறி ஏன் தனியானது என்று தெரியும். மூன்றாவது, வனிதாஸுக்கும் ழானுக்கும் இடையே உருவாகும் விசித்திரமான ஒப்பந்தம். இது தெரியாமல் பனிக்காட்டில் அவர்கள் இருவரும் தனித்து மாட்டிக்கொள்ளும் பகுதியைப் பார்த்தால், காதல் காட்சியை எங்கிருந்தோ கொண்டுவந்து செருகியது போலத் தோன்றும்.

நேரக் கணக்கு இதுதான். ஓர் எபிசோடு சுமார் 24 நிமிடம். முதல் 12க்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, வேட்டைப் பகுதிக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சனிக்கிழமை முதல் பாதி, ஞாயிற்றுக்கிழமை 13 முதல் 19 என்று பிரித்துக்கொண்டால் சரியாக இருக்கும். வேட்டையை நடுவில் அறுக்காதீர்கள். 16க்கும் 19க்கும் இடையே ஒரு வாரம் விட்டால், யாருடைய நினைவுக்குள் இருக்கிறோம், எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பதே குழம்பிவிடும். 20இல் கதை பாரிஸுக்குத் திரும்புகிறது, அங்கே மூச்சு விடலாம்.

அனிமேயா, மங்காவா? வேட்டைப் பகுதி மங்காவில் 5ஆம் தொகுதியிலிருந்து 8ஆம் தொகுதி வரை. மொச்சிஸுகியின் கோடுகள் அடர்த்தியானவை. உடைகளின் மடிப்பு, சரிகை, கோட்டைச் சுவரின் அலங்காரம் எல்லாவற்றையும் நின்று பார்க்க வேண்டும், மங்காவில்தான் அது முடியும். ஆனால் பனியும் இசையும் அனிமேயில்தான் இருக்கின்றன. கஜியுராவின் குரலிசை மூடுபனிக்குள்ளிருந்து வருவது போல எழும்பும். வெள்ளை நிலத்தில் நீல ஒளி விரிவதைக் கறுப்பு வெள்ளைப் பக்கம் தர முடியாது. முதல் முறைக்கு அனிமே, இரண்டாம் முறைக்கு மங்கா என்பது சரியான வரிசை. 24 எபிசோடுகள் முடிந்து கதையைத் தொடர விரும்பினால் 9ஆம் தொகுதியை எடுங்கள். கடைசி எபிசோடுகளில் பார்த்தது கொஞ்சம் திரும்ப வரும், எதுவும் விடுபட்டுப் போகாது.

இனி மற்றவை. மிருகத்துக்கு மருந்து கொடுக்கும் கதையெல்லாம் வேண்டாம், அழகான இருட்டும் வாள்வீச்சும் ஒரே இரவில் வேண்டும் என்பவருக்கு 2000ஆம் ஆண்டின் ப்ளட்லஸ்ட் போதும். ஏறக்குறைய நூறு நிமிடத் திரைப்படம், யொஷியாகி கவஜிரி இயக்கம், மேட்ஹவுஸ் தயாரிப்பு. ஹிதெயுகி கிகுச்சியின் நாவல் வரிசையில் மூன்றாவதைத் தழுவியது. கதாநாயகன் டி பாதி மனிதன், பாதி வாம்பயர். வாம்பயர் பிரபு ஒருவன் கொண்டுபோன பெண்ணை மீட்கக் கூலிக்கு அமர்த்தப்படுகிறான். அதே வேலைக்கு மார்க்கஸ் சகோதரர்கள் என்ற இன்னொரு கூட்டமும் கிளம்புகிறது. அந்தப் பெண் கடத்தப்பட்டாளா, விரும்பிப் போனாளா என்ற கேள்வி எழும் இடத்தில் படம் வேட்டைக்கதையிலிருந்து வேறொன்றாக மாறுகிறது. வனிதாஸ் பார்க்க நேரமில்லாதவருக்கு அதே மனநிலையை மிக நெருக்கமாகத் தருவது இந்தப் படம்தான், ஐந்தில் இரண்டாவது இடத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். மொழி விஷயத்தில் ஒரு குறிப்பு: இந்தப் படத்தின் ஆங்கிலக் குரல்தான் முதலில் பதிவானது. ஆகவே ஆங்கிலத்தில் பார்த்தால் அசலை இழக்கிறோமே என்று வருந்தத் தேவையில்லை. 1985இல் வந்த முதல் டி படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும் என்பதும் இல்லை, கதை தனியாகவே நிற்கும்.

காஸில்வேனியா கறாராகச் சொன்னால் ஜப்பானில் எடுத்தது அல்ல. கொனாமியின் வீடியோ கேமை வைத்து அமெரிக்காவின் பவர்ஹவுஸ் அனிமேஷன் நெட்ஃப்ளிக்ஸுக்காக எடுத்தது. 2017 முதல் 2021 வரை நான்கு சீசன், மொத்தம் 32 எபிசோடு. முதல் சீசனில் நான்கே எபிசோடுதான், ஒன்றரை மணி நேரப் படம் போலப் பார்த்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தினாலும் நட்டம் கொஞ்சம்தான். கதை 15ஆம் நூற்றாண்டின் வல்லாக்கியாவில் (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) நடக்கிறது. டிராகுலாவின் மனைவியைத் திருச்சபை எரித்துக் கொன்றதும் அவன் நாட்டின் மேல் அரக்கப் படையை ஏவுகிறான். மிருகங்களோடு சண்டை வேண்டும் என்றால் இதுதான். கதாநாயகனின் சாட்டை எலும்பை முறிப்பது கேட்கும், ரத்தம் கூசாமல் தெறிக்கும். மூன்றாவது சீசன் மெதுவாக நகரும், பாலியல் காட்சிகளும் உண்டு. பிரான்ஸ்தான் வேண்டும் என்பவருக்கு இதன் தொடர்ச்சியான நாக்டர்ன் பொருந்தும். பிரெஞ்சுப் புரட்சிக் காலக் கதை, 2023இலும் 2025இலும் எட்டெட்டு எபிசோடுகளாக இரண்டு சீசன் வந்தது. பழைய நான்கு சீசன்களைப் பார்க்காமலும் நேரே அதற்குள் நுழையலாம்.

ஹெல்சிங் அல்டிமேட் 2006 முதல் 2012 வரை வந்த பத்து நீண்ட எபிசோடுகள். இங்கே மிருகமே நமது தரப்பில் நிற்கிறது. அலுகார்ட் என்ற வாம்பயரைச் சங்கிலியில் கட்டிவைத்து, இங்கிலாந்தைக் காக்க ஏவிவிடுகிறார்கள். வன்முறை ஐந்திலும் இதில்தான் அதிகம், கொடூரத்தை ரசித்து வரைந்திருக்கிறார்கள். நாஜி வாம்பயர் படை லண்டனைத் தாக்கும் பகுதிகளை ஒரே மூச்சில் பார்க்க முடியாது. இரக்கம் தேடி வருபவர்கள் இதை எடுக்க வேண்டாம். 2001இல் வந்த 13 எபிசோடு ஹெல்சிங் வேறு, பெயரைப் பார்த்து மாற்றி எடுத்துவிடக்கூடாது.

ஷிகி வேறு திசை. 2010, 22 எபிசோடு, ஜப்பானிய மலைக்கிராமம். கோட்டை இல்லை, ஈட்டி இல்லை. கோடைக்காலத்தில் ஒவ்வொரு வீடாகச் சாவு விழுகிறது, ஊர் டாக்டர் காரணம் தேடுகிறார். முதல் பத்து எபிசோடுகள் ஊர்ந்துதான் போகும். பிற்பகுதியில் ஊர்க்காரர்களே வேட்டையாடக் கிளம்பும்போது யார் மிருகம் என்பது கலங்கிப்போகும். வனிதாஸைப் பார்த்து முடித்து, அதே கேள்வியை இரக்கமில்லாத கண்ணால் பார்க்கத் துணிந்தவர்கள் அடுத்ததாக எடுக்க வேண்டியது இதைத்தான்.

வனிதாஸை எடுப்பவர்களுக்கு மொழி பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியக் குரலும் உண்டு, ஆங்கில டப்பிங்கும் உண்டு. சப்டைட்டிலோடு ஜப்பானியத்தில் பார்ப்பதே நல்லது. வனிதாஸுக்குக் குரல் கொடுக்கும் நட்சுகி ஹனயே, கிண்டலிலிருந்து சட்டென்று கசப்புக்கு ஒரே வாக்கியத்துக்குள் இறங்குவார். வைத்தியன் தன் நோயைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை என்பது அந்த இறக்கத்தில்தான் முதலில் தெரியவரும். முதல் எபிசோடின் முடிவில் நோஎ பின்னாளிலிருந்து பேசும் சில வரிகள் வரும். அடுத்த எபிசோடு தானாக ஓடத் தொடங்குவதற்குள் அதைத் தவறவிடாதீர்கள். இந்தக் கேஸ் ஷீட் எங்கே போய் முடியப்போகிறது என்பதை அவன் அங்கேயே சொல்லிவிடுகிறான், 19ஆம் எபிசோடின் பனி உருகும்போது அது மறுபடி காதில் ஒலிக்கும்.